கண்ட்ரோல் யார்கிட்ட?

விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் இறங்கி நின்றபோதும், பிரேக் அக்காவின் வலது கால் பெடலை மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

"காலை எடுங்க மேடம்" என்றார் பயிற்சியாளர். அவளைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் இங்கே அவர்தான் சார்.

"எடுத்துட்டேன் சார்."

"குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தாள். எடுக்கவில்லை.

யாருக்கும் அடி இல்லை. ஓடுபாதை ஓரத்து விளக்கு ஒன்று மட்டும் நொறுங்கிக் கிடந்தது.

அந்தச் சின்னப் பயிற்சி விமானத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கைப்பிடி உண்டு, பெடல்கள் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதனால் யார் ஓட்டுகிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். "கண்ட்ரோல் என்கிட்ட" என்று ஒருவர் கேட்டால், "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்று மற்றவர் சொல்லிவிட்டுக் கையையும் காலையும் எடுத்துவிட வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் ஒரு பக்கமாக இழுக்க, சார் கேட்டார். அவளுடைய வாய் கொடுத்துவிட்டது. கால் கொடுக்கவில்லை.

"இது மூணாவது தடவை" என்றார் சார். "முதல் ரெண்டையும் நானே சமாளிச்சுட்டேன். இன்னிக்கு விளக்கே போயிடுச்சு. சீஃப் மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரான சீஃப் மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஒரு வாரம் வீட்ல இருங்க. அப்புறம் நானே உங்களோட பறக்கிறேன். அன்னிக்கும் இதே கதைன்னா, உங்களைத் தனியா அனுப்புற பேச்சே கிடையாது. தனியா பறக்காதவங்க பைலட் ஆக முடியாது. வேற வேலையைப் பார்த்துக்கோங்க."

வேறு வேலை அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. தம்பியும் அவளும் நடத்தும் டிரைவிங் ஸ்கூல். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய கால் அதை விட்டு நகர்ந்ததே இல்லை. பிரேக் அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். நாளடைவில் தம்பிகூட அப்படித்தான் கூப்பிட்டான்.

"என்ன பிரேக் அக்கா, வானத்துல ரெட் சிக்னலா?" என்றான் மறுநாள் காலையில்.

"ஒரு வாரம் லீவு."

"லீவா, சீட்டைக் கிழிச்சுட்டாங்களா?"

"வாயை மூடிட்டுச் சாவியைக் கொடுடா."

பைலட் ஆகப் போகிறேன் என்று அவள் முதலில் சொன்ன அன்றைக்கும் அவன் இப்படித்தான் சிரித்தான். "முப்பத்திமூணு வயசுல இது என்ன ஆசை?"

"எத்தனை வருஷமா பக்கத்து சீட்லயே உட்கார்ந்திருக்கேன்! ஸ்டியரிங் எப்பவும் அடுத்தவங்க கையில. எனக்குன்னு ஒண்ணு ஓட்டணும்டா."

"அதுக்கு ஒரு கார் வாங்கு. எவளாவது பிளேன் ஏறுவாளா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் சொன்னால் கிண்டல் செய்வான் என்று சொல்லவில்லை. விமானம் மேலே போய்விட்டால் பிரேக் கிடையாது என்று ஒரு மாணவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது அவளைப் பிடித்துக்கொண்டது. சந்தேகம் வந்தால் நிறுத்து என்றுதான் அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய வாழ்க்கையும் அப்படித்தான் போனது; சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நின்றுவிட்டது. நிற்கவே முடியாத ஓர் இடத்தில் மனிதர்கள் எப்படிப் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மருத்துவப் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் முடித்து, பறக்கவும் தொடங்கி, கடைசியில் ஒரு காலிடம் மாட்டிக்கொண்டாள்.

அன்றைய முதல் மாணவர் ஒரு பல் டாக்டர். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டவர். முனையில் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. பிரேக் அக்காவின் கால் தன் வேலையைச் செய்தது. கார் நின்றது.

டாக்டர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "நான் போட இருந்தேங்க!"

"லேட்டா போட்டிருப்பீங்க."

"அது எப்படித் தெரியும்? ஒரு தடவையாவது போட விட்டிருக்கீங்களா? ஊசி போடுறதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டுத்தாங்க குத்துறேன். நீங்க சொல்லாம கொள்ளாம பிரேக்கைப் போடுறீங்க. நான் நிறுத்தினேனா, நீங்க நிறுத்தினீங்களான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. டெஸ்ட்ல வேற யாரோ உட்கார்றாரு. வண்டி நிக்கவே மாட்டேங்குது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அடங்கியும் விட்டது.

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்றுதான் அவள் சொல்வதில்லை. அதைக் கருணை என்று நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், நம்பிக் கொடுக்க மனமில்லாததற்கு அது ஒரு நல்ல பெயர், அவ்வளவுதான். இதுவரை யாருக்கும் அவள் வண்டியை முழுதாகக் கொடுத்ததில்லை. சாருக்கு மட்டும் எப்படிக் கொடுத்திருப்பாள்?

"டாக்டர், வண்டி இப்போ உங்ககிட்ட" என்றாள். இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "நான் பிரேக் போடணும்னா சொல்லிட்டுப் போடுவேன்."

"நிஜமாவா?" டாக்டரின் முகம் வெளுத்தது.

கடைத்தெருவில் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. அவளுடைய ஆடுசதை இழுத்துப் பிடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். அவள் தலை முன்கண்ணாடி வரை போய்த் திரும்பியது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"பார்த்தீங்களா? நான்! நானே!"

"பார்த்தேன் டாக்டர். என் பல்லெல்லாம் இருக்கான்னு நீங்களும் கொஞ்சம் பாருங்க."

அந்த வாரம் முழுக்க எல்லா மாணவர்களோடும் அப்படித்தான் போனாள். எளிதாக இல்லை. சொல்லாமல் இரண்டு தடவை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஸ்கூலில் ஏதோ கமெண்ட்ரி நடக்கிறதாமே என்று தம்பி கேலி செய்தான்.

சோதனை நாளில் சீஃப் மேடம் வலது சீட்டில் ஏறினார். இரண்டு சுற்று போனது. மூன்றாவதில், ஓடுபாதை கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"கண்ட்ரோல் என்கிட்ட."

"கண்ட்ரோல் உங்ககிட்ட."

கையை மடியில் வைத்தாள். கால்களைப் பின்னுக்கு இழுத்தாள். இழுத்துவிட்டோமா என்று குனிந்து பார்த்தும் கொண்டாள்.

விமானத்தின் மூக்கு மெல்ல உயர்ந்தது. உயர வேண்டிய இடம் அதுவல்ல. வேகமானியின் முள் இறங்கத் தொடங்கியது. வேகம் இன்னும் இறங்கினால் இறக்கைகளால் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது. விழுந்தால் சுதாரிக்க உயரமும் இல்லை. இது சோதனையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். விரல்கள் கைப்பிடியை நோக்கித் துடித்தன.

"மேடம், வேகம் குறையுது."

சீஃப் மேடம் திரும்பவில்லை.

"வேகம் குறையுது மேடம். மூக்கை இறக்குங்க!"

மூக்கு இறங்கியது. முள் மேலேறியது. "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்றார் மேடம், ஒன்றுமே நடக்காததுபோல.

"கண்ட்ரோல் என்கிட்ட."

தரையிறக்கினாள். விமானம் ஓரமாக வந்து நின்றதும் மேடம் கேட்டார். "நான் இறக்கலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கண்ட்ரோல் என்கிட்டன்னு சொல்லிட்டு எடுத்திருப்பேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டுத்தான் மேடம்."

சீஃப் மேடம் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கினார்.

"மேடம், எங்க போறீங்க?"

"டீ குடிக்க. நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

கதவு மூடிக்கொண்டது. அவள் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்டாள்.

ஓர் ஆள் எடை குறைந்த விமானம், வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே தரையை விட்டது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. வீடுகளின் கூரைகள் கீழே நழுவின. சாலையில் கார்கள் ஊர்ந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டைப் பார்த்தாள். ஆள் இல்லாத பெல்ட். தான் தவறு செய்தால் பிடிக்க யாருமில்லை என்ற பயம் வந்தது. பயம் அதுபாட்டுக்கு இருந்தது. கை அதுபாட்டுக்கு விமானத்தைத் திருப்பியது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

இறங்கும்போது சக்கரம் தரையில் பட்டு எம்பியது. மறுபடியும் பட்டு, மறுபடியும் எம்பியது. பிறகுதான் ஓடியது, கோடு பிசகாமல், நேராக.

சீஃப் மேடம் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு தடவை குதிச்சுது."

"தெரியும் மேடம்" என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக. "ரெண்டும் நான்தான்."