மூன்றாவது ஆள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைப் புரொபசரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இஸ்திரி இயந்திரத்தின் ஆவியில் வெந்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையிலும் செல்போனில் பாடம் கேட்கிறவளைப் பின்னே எப்படிக் கூப்பிடுவார்கள்? காசில்லாத கம்ப்யூட்டர் படிப்பு. உலகம் முழுக்க லட்சம் பேர் சேர்ந்தார்களாம். அந்த ஆவியில் இன்னொரு வருடம் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மேனேஜர் இரக்கப்பட்டு, "மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட்டோட வாம்மா, ஆபீஸ்ல ஒரு சீட் இருக்கு" என்றார்.

பாடமெல்லாம் முடித்தாள். கடைசிப் பயிற்சியில் வந்தது வில்லங்கம். அதைத் திருத்துவது வாத்தியார் இல்லை. ஓசியில் கொடுக்கிறவர்கள் லட்சம் பேருக்குத் திருத்த ஆளுக்கு எங்கே போவார்கள்? கூடப் படித்துக் கடைசிப் பயிற்சிவரை வந்த மூன்று பேர் மதிப்பெண் போடவேண்டும். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆளைத்தான் காணோம். லட்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே நழுவியிருந்தார்கள், மிச்சமும் கரைந்து இப்போது வகுப்பில் ஈ காக்கை இல்லை.

"என்ன புரொபசரம்மா, ரிசல்ட் வந்துச்சா?" என்றான் கணவன்.

"கிண்டல் பண்றதுக்கு நீங்களாவது சேர்ந்து தொலைங்களேன்."

"நான் ஆனா ஆவன்னாவிலேருந்து ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள உனக்கு வயசாயிடும்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்தைத் திறந்தபோது, திருத்துவதற்கென்று ஒரே ஒரு பயிற்சி காத்திருந்தது. ஏதோ தூர தேசத்து லாரி ஓட்டுநருடையது. அனுப்பி இரண்டு வருடமாகியும் அவனுக்கும் மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. பாவம், நம்மைப் போலத்தானே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. வரி வரியாகப் பார்த்து முழு மதிப்பெண் போட்டாள். கீழே ஒரு வாழ்த்தும், தன் மின்னஞ்சல் முகவரியும் எழுதினாள். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாள் அவனிடமிருந்து கடிதம் வந்தது. செல்போனே அதைத் தமிழாக்கிக் கொடுத்தது. "நன்றி அக்கா. சர்டிபிகேட் வந்துவிட்டது. எந்த வேலைக்காகப் படித்தேனோ அது எப்போதோ வேறு ஆளுக்குப் போய்விட்டது. பரவாயில்லை."

அவள் உடனே, தன் பயிற்சிக்கு ஒரு மதிப்பெண் போடமுடியுமா என்று கேட்டு எழுதினாள்.

பதில் உடனே வந்தது. "கட்டாயம் போட்டிருப்பேன் அக்கா. ஆனால் முடித்தவர்களை வகுப்பிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் மதிப்பெண் போட்டதுமே என் பெயர் போய்விட்டது. இனி என்னால் உள்ளே வரமுடியாது. மன்னித்துவிடுங்கள்."

அவள் அவசரமாக வகுப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மாணவர் பட்டியலில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"இருந்த ஒருத்தனையும் நானே வெளியே அனுப்பிட்டேங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுத் தேம்பினாள். தேம்பல் இருமலில் போய் முடிந்தது. அவனுக்குக் கிண்டல் வரவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தான். அவள் கையிலிருந்த செல்போனை மெல்ல வாங்கினான்.

"நான் சேர்றேன். எங்க அமுக்கணும், சொல்லு."

"நாளையோட மாசம் முடியுதுங்க" என்றாள்.