அக்கா பேசிய சுருள்

வீடியோ வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரோ கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

1999 ஆகஸ்ட். என் அக்கா தங்கபுஷ்பத்துக்கு வயிற்றில் புற்று. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் மகள் மகிழினிக்கு அப்போது ஒன்றேகால் வயது. அக்கா ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். பிள்ளை வளர்ந்த பிறகு பார்க்கிற மாதிரி, அவளிடம் கொஞ்சம் பேசிவிட்டுப் போக வேண்டும்.

பேச வேண்டும் என்றால் வாயால் இல்லை. நாலு வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்குக் காது போனது, பேச்சும் அதோடு நின்றது. அவளுடைய கைபாஷை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தது அல்ல. திருவொற்றியூர் வீட்டில் நானும் அவளும் சின்ன வயதில் சண்டை போட்டுப் போட்டு உண்டாக்கியது. ஸ்டீரிங் பிடிப்பதுபோல் கைகளைத் திருப்பினால் அவள் புருஷன் குணசேகரன் மாமா, மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். கன்னத்தில் ஒரு விரலால் குழி போட்டால் மகிழினி. காதைப் பிடித்துத் திருகினால் நான், ஜெயவேல். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அத்தனை அடாவடி.

எழுதவும் அவளுக்குத் தெரியாது. ஆகவே அசைகிற படம் எடுத்தால்தான் உண்டு.

“மச்சான், வண்ணாரப்பேட்டைல அலி அக்பர் பாய் கல்யாண வீடியோ எடுக்கிறாரு. அவரை இட்டாந்துடட்டா?” என்று மாமா கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பீரோவில் மூன்று சினிமா கேமரா இருக்கும்போது கல்யாண வீடியோக்காரரா? துறைமுகத்தில் கன்டெய்னர் பட்டறை எலக்ட்ரீஷியன் நான். சம்பளம் வந்ததும் மற்றவர்கள் சாராயக் கடைக்குப் போவார்கள், நான் கப்பல் ஆட்கள் விற்கும் பழைய சாமான்களைப் பார்க்கப் போவேன். உள்ளங்கையில் அடங்கும் எட்டு மில்லிமீட்டர் கேமராக்கள் என்றால் எனக்குப் பைத்தியம்.

“இன்னா மாமா பேசுற? வீடியோ டேப்பு அஞ்சு வருசத்துல பூஞ்சை புடிச்சு நாறிடும். பிலிமு அப்டி இல்ல. மகிழினி பேரப்புள்ள கூட பாக்கலாம்” என்றேன்.

மாமா நம்பினார். என்னை நம்புவது அவர் வழக்கம்.

மூன்றில் எதை எடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜப்பான் கேமரா சுலபமானது. பிலிம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்தே வரும், உள்ளே தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும், சின்னப் பிள்ளைகூடத் தப்பு செய்ய முடியாது. ஆனால் அந்தக் கலர் பிலிமைக் கழுவ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், மூன்று மாதம் ஆகும். அக்காவுக்கு மூன்று மாதம் இல்லை. படத்தில் தான் எப்படி விழுந்திருக்கிறோம் என்று பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது. ஜெர்மன் கேமராவில் லென்ஸுக்குள் மங்கல் ஏறிக் கிடந்தது. மீதி இருந்தது ரஷ்யன். பேட்டரி கிடையாது, சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். அதற்கான கறுப்பு வெள்ளைச் சுருள்கள், மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவில் வாங்கியவை, என்னிடம் இருந்தன. அவற்றை நானே வீட்டில் வாளியில் கழுவுவேன். இது நியாயமான காரணம்தான். இன்னொரு காரணமும் உண்டு. அந்த ரஷ்யனுக்குச் சாவி கொடுக்கும்போது வருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். நாலு பேர் முன்னால் அதைத் திருகுவது இன்னும் பிடிக்கும்.

அந்த வகைச் சுருளில் ஒரு சங்கதி இருக்கிறது. முதல் ஓட்டத்தில் பிலிமின் அகலத்தில் பாதியில்தான் படம் விழும். இரண்டு நிமிஷத்தில் சுருள் தீர்ந்ததும் கேமராவைத் திறந்து திருப்பிப் போட்டால் மிச்சப் பாதியில் இன்னும் இரண்டு நிமிஷம். அதோடு எடுத்து டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் உடனே பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். எடுத்த சுருளும் எடுக்காத சுருளும் பார்வைக்கு ஒன்றுதான். மறந்து அதையே மறுபடி போட்டால் படத்தின் மேலேயே படம் விழும். இதை நான் பட்டறையில் எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னல் பக்கம் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தோம். தையல் மெஷின் மேல் கேமராவை அசையாமல் வைத்தேன். அக்கா பச்சைப் புடவை கட்டி, பவுடர் போட்டிருந்தாள். அந்த முகத்தில் பவுடர் ஒட்டவே இல்லை. பார்க்க முடியாமல் லென்ஸைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்படி மாமாவுக்குக் கையைக் காட்டினாள். அவர் போனார். கதவைச் சாத்தச் சொன்னாள்.

முதல் சுருளில் மகிழினியிடம் பேசினாள். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை நான் கை காட்டி நிறுத்தி, சாவி கொடுத்து, மறுபடி ஓட்டினேன். என் கவனமெல்லாம் வெளிச்சம் குறைகிறதா, கை சட்டத்துக்கு வெளியே போகிறதா என்பதில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் என்றாள், மழை என்றாள், ஏதோ ஒரு மஞ்சள் சட்டை என்றாள். நடுவில் இருமல் வந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் கேமராவை நிறுத்தவில்லை.

நாலு நிமிஷம் முடிந்தது. இன்னும் இருக்கிறது, மாமாவிடம் சொல்ல வேண்டும் என்றாள். இரண்டாம் சுருள் மாற்றினேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் வீட்டில் அக்கா கையைத் தூக்கினால் அவள் முடிக்கிறவரை யாரும் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவள் வாயைப் பொத்தினதற்குச் சமம். சோறு பிசையும்போதுகூடத் தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே பிசைந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் மடியில் கறுப்புத் துணிக்கு அடியில் சுருளை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்குப் பால் காய்ச்சியாயிற்றா, நீ ஏன் இளைத்துப்போனாய், எப்போது ஒருத்தியைக் கட்டப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கையையே பார்த்தபடி, தலையாட்டியபடி, தடவித் தடவி மாற்றினேன். பிளாஸ்திரி ஒட்டவில்லை. எடுத்த சுருளையே திரும்பவும் போட்டேன்.

அந்த இரண்டாம் தடவை அவள் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. ஸ்டீரிங்கைத் திருப்பினாள். கழுத்தில் தாலி முடிச்சுப் போட்டாள். இரண்டு விரல் காட்டினாள். அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளட்டும். பிறகு கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்து, தன் காதைத் திருகினாள். இவன் சண்டை போடுவான், கேட்காதே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு உட்கார்ந்திருக்கிறவள் இப்படிச் சொல்வாளா? அந்தப் பச்சைப் புடவையை இன்னொருத்தி கட்டுவாள், இந்தப் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடும் என்று நினைத்தபடியே அடுத்த சாவியைத் திருகினேன்.

மூன்றாம் நாள் குளியலறையில் கழுவினேன். ஒரு சுருள் முழுக்கக் கறுப்பு. இன்னொன்றில் அக்காவுக்கு நாலு கை. முகம் ஒன்றின்மேல் ஒன்றாக நேராக விழுந்திருந்தது, கைகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக் கிடந்தன. ஒரு வார்த்தை புரியவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா தினமும் சாவி திருகுகிற மாதிரி கையைத் திருகிக் காட்டி, படம் எங்கே என்று கேட்டாள். இன்னும் கழுவவில்லை, பட்டறையில் வேலை என்றேன். மறுபடி எடுத்திருக்கலாம். எட்டுச் சுருள் மிச்சம் இருந்தது. ஆனால் தப்பு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, அந்தத் தாலிப் பேச்சை அவள் மறுபடி சொல்வாள், இந்தத் தடவை தெளிவாகவே விழும். நாளைக்கு, நாளைக்கு என்றேன். பதினோராம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று மாலை மாமாவுக்குச் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசியில் அவர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“இன்னாடா இது, ஒண்ணும் பிரியலியே.”

“பழைய பிலிமு மாமா. ரெண்டா வுழுந்துக்கீது. நான்தான் எதிர்ல குந்திகினு பாத்தேனே, எல்லாம் ஞாபகம் கீது” என்றேன்.

“என்கிட்ட இன்னா சொல்லிச்சு?”

“புள்ளய நீயே வளக்கணுமாம். வேற யாரு கைலயும் குடுக்கக் கூடாதாம்.”

இப்படித்தான் சொன்னேன். வாய் கூசவில்லை.

குணசேகரன் மாமா அதைச் சாமி வாக்குபோல் எடுத்துக்கொண்டார். வெளியூர் லோடு ஓட்டுவதை விட்டுவிட்டு மணலிக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு மாறினார். பிள்ளைக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். வீட்டில் கையாலேயே பேசி அவளுக்கு அக்காவின் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார், என்றைக்காவது படத்தைப் பார்த்தால் கொஞ்சமாவது புரியட்டும் என்று. காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த பூவம்மா என்று ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருந்தாள். புருஷனை இழந்தவள், நல்ல மனுஷி. மூன்று வருஷம் மகிழினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும். அவளே ஒருநாள் மாமாவிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

மாமா என்னிடம் வந்தார். “மச்சான், நல்லா யோசிச்சு சொல்லு. வேற யாரு கைலயும் குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லிச்சா?”

அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

“அதான் மாமா சொல்லிச்சு” என்றேன்.

2006 தை மாதம் பூவம்மா வேறொருவரைக் கட்டிக்கொண்டு காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டாள். மகிழினி நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

அடுத்த வருஷம் அக்காவின் நினைவு நாளுக்கு அப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். வருஷா வருஷம் அன்றைக்குப் படத்தைப் போடுவோம். மகிழினிக்கு ஒன்பது வயது. எப்போதும் அப்பா மடியில் சாய்ந்து பார்ப்பவள், அன்றைக்குச் சுவரை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள்.

“மாமா, நிறுத்து. திருப்பிப் போடு” என்றாள்.

திருப்பிப் போட்டேன். முதல் தடவையில் அக்கா இருமி ஓய்ந்து கையை மடியில் போட்டிருந்த இடம். இரண்டாம் தடவையின் இரண்டு கைகள் அங்கே தனியாக, மேலே நின்று பேசின. எட்டு வருஷமாக அந்த இடம் வரும்போதெல்லாம் நான் எழுந்து புரொஜெக்டரில் எதையாவது சரிசெய்வதுபோல் அவர்கள் பார்வைக்குக் குறுக்கே நிற்பேன். அன்றைக்குப் பிள்ளை எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள், மறைக்க வழியில்லை.

“இது ஸ்டீரிங்கு. அப்பா” என்றாள். “இது தாலி. இது ரெண்டு. ரெண்டாவது தாலி.” கொஞ்சம் யோசித்தாள். “காது. ஜெயா மாமா. சண்ட போடும். கேக்காத.”

தான் படித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்தது. என்ன படித்தோம் என்பது பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமா எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் தீர்ந்து வெறும் வெளிச்சம் விழுந்தது.

“பூவம்மா அழுதுகினே போச்சுடா” என்றார்.

மகிழினி என் கையைப் பிடித்தாள். “மிச்சம் மாமா? அம்மா என்கிட்ட இன்னா சொன்னாங்க? அது பிரியவே மாட்டேங்குது.”

பள்ளிக்கூடம், மழை, மஞ்சள் சட்டை. அதற்குமேல் மண்டையைப் பிய்த்துக்கொண்டும் வரவில்லை. படம் எடுக்கும்போது நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைக் கேட்கவில்லை. “ஸ்கூலப் பத்தி இன்னாவோ சொல்லிச்சு கண்ணு. மழயப் பத்தி. மெய்யாலுமே ஞாபகம் இல்லடா” என்றேன்.

“வா, போலாம்” என்று மாமா அவளைத் தூக்கிக்கொண்டார். அவர் அவளைத் தூக்கிப் பல வருஷம் இருக்கும். வாசலில் செருப்பை மாட்டும்போது அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “அவனுக்கு எல்லாம் ஞாபகம் கீது. சொல்ல மாட்டான்.”

அவள் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். நம்பிவிட்டாள்.