பக்கத்து அறையின் மூச்சு

என் மகன் எடுத்த பேய்ப்படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களை ஒன்று விடாமல் படித்தேன். கதை அரதப் பழசு, நடிப்பு மரக்கட்டை, வீட்டில் எடுத்த படம் வீட்டோடு இருந்திருக்கலாம் என்றார்கள். அதற்கெல்லாம் நான் அசரவில்லை. ஆனால் திட்டிய அத்தனை பேரும் ஒன்றை மட்டும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சுவருக்கு அப்பாலிருந்து இழுத்து இழுத்து வரும் பேயின் மூச்சு. இந்தப் படத்தில் பேய்க்கு மட்டும்தான் உயிர் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

முதல் காட்சியன்று தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரைப் புடிச்சு மாப்ள இப்படி மூச்சு விட வச்சான் உங்க பையன்? குலை நடுங்குது.”

அது அவருடைய தங்கையின் மூச்சு. என் மனைவி படுக்கையில் கிடந்த கடைசி மாதத்து மூச்சு. கூடப் பிறந்தவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து கேட்டேன். மகன் மறைக்கவில்லை. படம் எடுக்கும் இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அறையின் நிசப்தத்தைப் பதிவு செய்வார்களாம். வசனத்துக்கு அடியில் அதைத்தான் விரிப்பார்களாம். கையில் காசில்லாமல் எங்கள் கூடத்திலேயே படம் எடுத்தவன், அன்று உள்ளறைக் கதவைச் சாத்த மறந்திருக்கிறான். எடிட்டிங்கில்தான் காதில் பட்டது. அப்போது அவள் இல்லை. அழிக்கக் கை வரவில்லை, சத்தத்தைக் கூட்டிப் பேய்க்கு வைத்துவிட்டேன் என்றான். இப்போது அந்த ஒலிக்காகவே ஒரு பட விழாவில் திரையிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“எடுத்துடு” என்றேன்.

“எடுத்தா படமே இல்லப்பா. விழாவுல வேணாம்னுடுவாங்க.”

“உங்கம்மா தெரு நாயைக்கூட அதட்டினவ இல்ல. அவளைக் கண்டு ஊரே பயப்படணுமா?”

அவன் வாதாடவில்லை. மறுநாள் நிசப்தத்தைப் புதிதாகப் பதிவு செய்யக் கூடத்தில் மைக்கை நட்டு வைத்துவிட்டு, உள்ளறைக் கதவைத் தானே போய்ச் சாத்தினான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இருவரும் அசையாமல் இருந்தோம். அவள் போனபின் அந்த வீட்டில் எது இல்லை என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

ஹெட்போனைக் கழற்றாமலே அவன் தயங்கினான். “உங்க மூச்சு கேக்குதுப்பா. கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?”

“கேக்கட்டும். பேய்க்கு அதையே வச்சுக்க. என்னைக் கண்டு பயப்படறது யாருக்கும் புதுசில்ல.”

அவன் சிரிக்கவில்லை. இன்னொரு முறை எடுக்கலாம் என்று விரலை உயர்த்தினான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அடக்காமல் மூச்சு விட்டேன்.