பன்னிரண்டு மணிப் படகு

சனிக்கிழமைப் படகு பதினொன்றே காலுக்கு என்று மூன்றாவது தடவையாகப் பென்சிலால் எழுதிவிட்டு, அன்னெக்ரெட் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ரயில் நேரங்கள் ஒரு தாளில், படகு நேரங்கள் ஒரு தாளில், கணவன் எக்கார்ட்டின் டயாலிசிஸ் அட்டை, கரையோர ஊர் மருத்துவமனையிலிருந்து வந்த கடிதம். அந்தக் கடிதத்துக்காக ஏழு வாரம் தொலைபேசியில் காத்திருந்திருக்கிறாள். வெளியூர் நோயாளிக்கு ஒரு நாள் படுக்கை வேண்டும் என்றால் ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சான்றிதழ், காப்பீட்டுக்காரர்களின் சம்மதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பகலெல்லாம் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஊராருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதே அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தனக்கு ஒரு நேரம் தேடினால் கிடைக்கவில்லை.

எக்கார்ட்டுக்குச் சிறுநீரகம் நின்றுபோய் நான்கு வருடம். திங்கள், புதன், வெள்ளி காலையில் அவன் ரத்தம் நாலரை மணி நேரம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும். மிச்ச நாட்கள்தான் அவர்களுடையவை. அதிலும் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளிதான் கொஞ்சம் பெரியது. அந்த இடைவெளிக்குள் ஒரு தீவை அடைக்கப் பார்த்தாள் அன்னெக்ரெட். கரைக்கும் தீவுக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்லலாம், பாதி நாள் அது வெறும் சேறு. தண்ணீர் ஏறி நிற்கும்போதுதான் படகு மிதக்கும். அதனால் பகலில் ஒரே ஒரு படகு, அதுவும் தினமும் முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளிப் போகும். நிலா வைத்த நேரத்தை யாரிடம் மன்றாடி மாற்றுவது?

“என்ன ஸ்டேஷன் மாஸ்டரம்மா, வண்டி எத்தனை மணிக்கு?” என்றபடி எக்கார்ட் சமையலறையிலிருந்து வந்தான். வாயில் ஒரு பனிக்கட்டி. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் அவன் குடிக்கக்கூடாது. தாகத்தை இப்படித்தான் ஏமாற்றுவான்.

“வெள்ளிக்கிழமை உனக்குப் பதினொன்றரைக்கு முடியுது. வந்து கொஞ்சம் படு. மூணு மணி ரயில். ராத்திரி துறைமுகத்துல தங்கறோம். சனிக்கிழமை படகு. ஞாயித்துக்கிழமை ஒண்ணே முக்காலுக்குத் திரும்புற படகு. திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியிலயே உனக்கு ஊசி.”

“தீவுல எத்தனை மணி நேரம்?”

“இருபத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு கால் மணி.”

“அடேயப்பா. அந்தக் கால் மணியில என்ன பண்றதாம்?”

அவள் சிரிக்கவில்லை. அவன் மெல்ல ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தாள்களைப் பார்த்தான். அவளுடைய சிறிய, சாய்ந்த எழுத்து. அம்புக்குறிகள். ‘இது தவறினால்’ என்று ஆரம்பித்து எழுதிய மூன்று வரிகள். பார்த்துவிட்டுப் பனிக்கட்டியைக் கடித்தான்.

வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் இருக்கும்போதே அவனுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. புதிய விஷயமல்ல, மாதத்தில் ஒரு தடவை நடப்பதுதான். காலைத் தூக்கி வைத்து, உப்புநீர் ஏற்றி, சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் மருத்துவர். மூன்று மணி ரயில் அவர்கள் ஊரான காஸலிலிருந்து அவர்கள் இல்லாமல் கிளம்பியது. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அன்னெக்ரெட், ஒரு கையால் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சனிக்கிழமை விடியற்கால ரயிலுக்கு இடம் மாற்றினாள். இரண்டு இடத்தில் மாறினால் பத்து ஐம்பதுக்குத் துறைமுகம். கால் மணிக்குமேல் கையிருப்பு இருந்தது. “வேணாம்னா விட்டுடலாம்” என்று அவள் சொன்னதற்கு, “விட்டா நீ அடுத்த வருஷமும் மறுபடி முதல்லேர்ந்து எழுதுவே” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் இரண்டாவது ரயில் ஒரு புல்வெளி நடுவில் நின்றது. சிக்னல் கோளாறு என்று அறிவித்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மாடுகள் ஒரே திசையைப் பார்த்துப் படுத்திருந்தன. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவள், இருபத்தைந்தாவது நிமிடத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எதிரே எக்கார்ட் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் கழுத்து இப்போது அவனுக்குப் பெரிதாகிவிட்டிருந்ததை அன்றுதான் கவனித்தாள். இந்த மனிதனை எதற்காக விடியற்காலையில் எழுப்பி இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்? பல் மருத்துவரின் காத்திருப்பு அறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பார்த்த ஒரு மணல்மேட்டுக்காகவா? அவன் ஒரு தடவைகூடத் தீவு வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டது அவள். அதையும் அவனுக்காக என்றே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

துறைமுகத்துக்கு அவர்கள் வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. படகு தெரிந்தது. வெள்ளையாக, கையால் எட்டிப் பிடித்துவிடலாம் போல, கரையை விட்டு விலகி, படகு போகும் வாய்க்காலில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் காத்திருந்திருக்கலாமே” என்றாள் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம்.

“தண்ணி காத்திருக்காதேம்மா” என்றாள் அந்தப் பெண், குரலில் கடுமை இல்லாமல். “நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு அடுத்தது. இதே சீட்டுல போகலாம்.”

அன்னெக்ரெட் வெளியே வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். நாளை பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஒன்றே காலுக்குத் தீவு. திரும்பும் படகு ஒன்றே முக்கால். அதை விட்டால் திங்கட்கிழமை இரண்டரைதான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எக்கார்ட் ஊசிக்குப் படுத்திருக்க வேண்டும்.

“அரை மணி நேரம்” என்றாள். “அரை மணி நேரம் தீவுல இருக்கலாம், எக்கார்ட்.” சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்பு எங்கோ இடறி அழுகையாயிற்று. காற்றில் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள். பையில் அவன் மாத்திரைகளும் அவன் அட்டையும் அவன் கம்பளிச் சட்டையும்தான் கைக்கு வந்தன.

அவன் நின்றபடியே படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ நாளைக்குப் போ” என்றான்.

“எங்க?”

“தீவுக்குத்தான். அங்க நம்ம ரூம் நாளை ராத்திரிக்குக் கிடைக்குமான்னு கேளு. திங்கக்கிழமை மத்தியானம் வா. நான் இங்க இருக்கேன். டாக்ஸியில போறேன், படுக்கறேன், வரேன்.”

“உளறாத. நேத்துதான் மயங்கி விழப் பாத்தே.”

“அங்க நர்ஸ் இருக்கா. நீயா நர்ஸ்?”

“உன்னை இங்க விட்டுட்டு நான் அங்க என்னத்தைப் பாக்கறது?”

“என்னைப் பாக்காம இரு. ஒரே ஒரு நாள்.” இவ்வளவு சொல்லிவிட்டு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “நான் எவ்வளவு குடிச்சேன், எதைத் தின்னேன், மூச்சு வாங்குதா, மூஞ்சி வீங்கியிருக்கான்னு நாலு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கே. எனக்கும்தான் ஒரு நாள் வேணும், அன்னெக்ரெட். யாரும் பாக்காத ஒரு நாள்.”

 ஓங்கி அறைந்தாற்போல இருந்தது அவளுக்கு, முதலில். பிறகு, அந்த அறை விழுந்த இடத்திலேயே வேறு ஒன்று தெரிந்தது. போகலாம் என்று அவளுக்குள் யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். எக்கார்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே, சீட்டுக் கொடுக்கும் பெண் ‘நாளைக்குப் பன்னெண்டு மணி’ என்றபோதே. அதுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

 அன்று துறைமுக விடுதியில் பெட்டியை வைத்துவிட்டுக் கடற்சுவரின்மேல் நடந்தார்கள். சுவரின் புல் மூடிய சரிவில் ஆடுகள் மேய்ந்தன. தண்ணீர் வற்றி, பழுப்புச் சேறு தீவு வரை பளபளத்துக் கிடந்தது. மீன் வைத்த ரொட்டி ஒன்று வாங்கி, உப்பு ஏறிய வெங்காயத்தை அவன் தானே விரலால் தள்ளிவிட்டுத் தின்றான். ‘பாதி போதும்’ என்று சொல்ல வாயெடுத்தவள் ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அதையும் கவனித்தான் என்பது தெரிந்தது. முழுவதையும் தின்றுவிட்டு, “ருசியில்ல” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பெட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கட்டில்மேல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்குரியவை ஒரு குன்றாகக் குவிந்தன. அவளுடையது ஒரு கம்பளிச் சட்டை, ஒரு இரவு உடை, பல் துலக்கி, மழைக்கோட்டு. விடுதிக்காரியிடம் வாங்கிய துணிப்பையில் அத்தனையும் அடங்கிவிட்டது. மாத்திரைகளை வேளை வாரியாக அடுக்கத் தொடங்கியபோது அவன் அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டான்.

“போன் பண்ணுவேன்” என்றாள்.

“ஒரு தடவை. அதுவும் நான் பண்றேன்.”

“எடுக்கலேன்னா படகைத் திருப்பச் சொல்லுவேன்.”

“செய்வே. தண்ணியையே திருப்புவே நீ.” அவள் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டான். அவன் கை சில்லென்றிருந்தது.

படகு கிளம்பும்போது காற்றில் நிற்காதே என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் நிற்கவில்லை. கையசைக்கிறவர்களின் நடுவில் தேடிப் பார்த்தாள். கடைசியில், விடுதிப் பக்கம் போகாமல் கடற்சுவரின் எதிர்ப் பக்கமாக, முந்தின நாள் போகாத பக்கமாக நடந்துகொண்டிருந்த ஒரு முதுகு தெரிந்தது. கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தது. எங்கே போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்திலிருந்த பெண்மணி பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டே, “எத்தனை நாள் இருக்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

“நாளைக்கே திரும்பணும்.”

“ஒரு நாளைக்கா இவ்வளவு தூரம்?”

“ஆமா” என்றாள் அன்னெக்ரெட். வேறு எதையும் விளக்கத் தோன்றவில்லை.

வாய்க்காலின் ஓரம் நெடுக, வழி காட்டுவதற்காகச் சேற்றில் நட்ட மெலிந்த மரக்கிளைகள் நின்றன. படகு அவற்றையொட்டி வளைந்து வளைந்து போயிற்று. பாதி வழியில் அடியில் ஏதோ மெத்தென்று உரசியது. இயந்திரச் சத்தம் தணிந்தது. தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏற வேண்டும், கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார் கப்பல்காரர். சுற்றிலும் பெருமூச்சுகள் கிளம்பின. யாரோ தீவில் காத்திருப்பவர்களுக்குப் போன் போட்டார்கள். அன்னெக்ரெட் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். கரையும் தீவும் சம தூரத்தில் மங்கலாகத் தெரிந்தன. மிக அருகே ஒரு கிளை. அதன் பட்டையில் ஈரம் ஏறிய தடம். தண்ணீர் அந்தத் தடத்தின் கீழே சுழித்து, விலகி, மறுபடி வந்து, மயிரிழை மயிரிழையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.