முன்பல்லும் ஒரு சின்னப் பொய்யும்

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் பாண்ட் குழுவின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ட்றம்பெற்றை உதட்டில் பொருத்தி ஊதத் தொடங்கிய ஜெயராஜா, இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். கீழ் முன்பல் ஒன்று ஆடியது. வாய்க்குள் சீழின் கசப்பு.

ஜெயராஜா கல்லடிப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர். இருபத்தாறு வருடங்களாகத் திருவிழாவுக்குத் திருவிழா ஊதி வருகிறார். அவர் எங்கே சுருதி பிசகினாலும் சமையலறையில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடும் காது, மனைவி றோஸ்மேரிக்கு. விஷயம் தெரிந்ததும் மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு பல் டொக்டர் நிருஷாவிடம் போனாள்.

இளம் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ஐயா, இந்தப் பல்லுக்கு ரெண்டு பக்கத்தாலயும் கிருமி போயிரிக்கு. உள்ளுக்க நரம்பு செத்து வேர் நுனி பழுத்திரிக்கு. வெளியால முரசு, பல்லச் சுத்தியிரிக்கிற சதை, இறங்கி, பல்லப் பிடிச்சிரிக்கிற எலும்பும் கரைஞ்சிரிக்கு."

"காப்பாத்தேலுமா டொக்டர்?" றோஸ்மேரி முந்திக்கொண்டாள். "இந்தப் பல்லுப் போனா மனிசன் ஊத ஏலாது. ஊதாட்டி வீட்டில இவர வெச்சிரிக்கவும் ஏலாது."

நிருஷா சிரித்தார். "வேர்ப் பக்கத்துச் சேதம் பெரும்பாலும் நல்லா ஆறும். முரசுப் பக்கம்தான் லேசில சொல்லேலாது. அது ஐயாட பழக்கவழக்கத்திலயும் இரிக்கு. சீனி வருத்தம் இரிக்கா?"

"இல்ல."

"சிகரெட் பத்துவீங்களா?"

ஜெயராஜா பக்கத்தில் இருந்த றோஸ்மேரியைப் பார்த்தார். மகள் டினோஷா பூசையில் நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாளில், சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால் சிகரெட்டை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் தாக்குப்பிடித்தார். இப்போதும் பின்னேரம் நாலு மணிக்கு வாவிக்கரையில் ஆட்டோவை நிறுத்தி இரண்டு. இரவு வீட்டுக்குத் திரும்புமுன் இன்னும் இரண்டு. பிறகு வாய் நிறைய மின்ட் டொபி.

"சீ, அதெல்லாம் எப்பவோ விட்டிட்டன்."

"பதினொரு வருசம் டொக்டர்!" என்றாள் றோஸ்மேரி, தானே விட்டதுபோலப் பெருமையாக.

"அப்ப நம்பிக்கையோட தொடங்கலாம்," என்று நிருஷா குறித்துக்கொண்டார். வேருக்குள் துப்புரவாக்கி மருந்து அடைத்தார். முரசுக்கு அடியில் படிந்திருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

மூன்று மாதம் ஜெயராஜா ஒழுங்காகப் பல் துலக்கினார். நாலு மணிச் சிகரெட்டையும் ஒழுங்காகப் பற்றினார்.

திரும்பிப் போன அன்று நிருஷா பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். "வேர் நுனி நல்லா ஆறி வருது. ஆனா முரசு அப்பிடியே இரிக்கு. பல்லும் ஆடுது." அவர் குரல் தாழ்ந்தது. "நான்தான் எங்கயோ பிழையாக் கணிச்சிட்டன் போல."

றோஸ்மேரிக்குக் கோபம் பொங்கியது. "நம்பிக்கையோட செய்யலாம் எண்டு நீங்கதானே சொன்னீங்க? தெரியாட்டி வேற பெரிய டொக்டரிட்ட அனுப்பியிருக்கலாமே!"

நிருஷா மறுபடி கோப்பைத் திறந்தார். தன் குறிப்பை முதலிலிருந்து வாசித்துத் தன் பிழையைத் தேடினார். இல்லாத பிழையை அந்தப் பிள்ளை தேடுவதை ஜெயராஜாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"டொக்டர், பிழை உங்களில இல்ல," என்றார். "நான் ஒரு நாளைக்கு நாலு சிகரெட் பத்துறன். பின்னேரம் நாலு மணிக்கு வாவிக்கரையில ரெண்டு, இரவைக்கு ரெண்டு."

றோஸ்மேரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"புகை முரச ஆறவிடாது ஐயா," என்றார் நிருஷா மெதுவாக. "நீங்க சொன்னத வெச்சித்தானே நான் கணிக்கிறன். இண்டைக்கு விடுங்க. ஆறு மாதம் பாப்பம். வாக்குத் தரமாட்டன், ஆனா வழி இரிக்கு."

திரும்பும் வழியில் றோஸ்மேரி ஆட்டோவின் பின் சீட்டில் இருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க ஜெயராஜாவுக்குத் துணிவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"ஊரெல்லாம் உங்களப் பத்திப் பெருமையடிச்சித் திரிஞ்சன். அந்தப் புள்ளயையும் ஏசிப்போட்டன். நாளைக்கே போய் மன்னிப்புக் கேக்கணும்." கொஞ்சம் நின்று சொன்னாள்: "மறுகா, நாலு மணிக்கு நான் வாவிக்கரைக்கு வாறன். பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டு வருவன். அந்த நேரத்த ரெண்டு பேருமாக் கடத்துவம்."

சொன்னபடியே வந்தாள். முதல் வாரம் ஜெயராஜா எரிந்து விழுந்தார். அவளும் விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடித்தாள். ஆனாலும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. அந்த வருடத் திருவிழாவில் அவர் ஊதவில்லை. பின்னால் நின்று தாளம் தட்டினார்.

ஆறு மாதத்தில் முரசு இறுகத் தொடங்கியது. "முழுசா ஆறேல்ல, ஆனா பல்லு பிடிச்சிட்டு," என்றார் நிருஷா. "இடைக்கிடை வந்து காட்டோணும்." அதுவே இருவருக்கும் போதுமாக இருந்தது.

சில நாள் கழித்து, பாண்ட் குழுவில் மேளம் அடிக்கும் சதீஸ் வீங்கிய கன்னத்தோடு வந்தான். "அண்ணன், நீங்க காட்டின டொக்டர் நல்லமா?"

"டொக்டர் நல்லம் தம்பி. நீ எப்பிடி?" என்றார் ஜெயராஜா. "அவவுக்கு முன்னால நல்ல பிள்ளையா நடிக்கப் போகாத. வருத்தத்தக் காட்டிப்போட்டுப் பழக்கத்த மறைச்சா, எந்தப் பெரிய டொக்டரும் பிழையாத்தான் சொல்லுவார். வெக்கத்துக்குச் சொல்லுற பொய்ய நம்மட உடம்புதான் சுமக்கும்."