அடியில் பாடுகிறவள்

சுகிர்தத்தின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை அய்யாத்துரை பார்த்துவிட்டான். குற்றாலத்துப் பங்களாக் கூடத்தில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. வெளியே சாரல். தென்காசி வேதக்கோயிலின் பாடகர் குழு, ஆண்கள் பெஞ்சிலும் பெண்கள் ஜமுக்காளத்திலுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சீசனுக்கு வந்திருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சீமையிலிருந்து தருவித்த இசைத்தட்டு அது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு கோயில் ஆர்கன்காரர் எழுதியதாம். சொல்லென்று பார்த்தால் ‘ஆமென்’ ஒன்றுதான். அதை ஒரு குரல் எடுக்க, இன்னொன்று துரத்திக்கொண்டு வர, மூன்றாவது குறுக்கே புக, கூடம் நிறைந்துபோயிற்று. கிறிஸ்மஸுக்கு இவர்கள் இதைப் பாட வேண்டுமென்று மிஸ்ஸியம்மாவுக்கு ஆசை. குழுவின் பாட்டு வாத்தியார் அய்யாத்துரைக்கு அவள் கொடுத்த மரியாதை, கிராமபோனுக்கு ஊசி மாற்றிச் சாவி கொடுக்கும் வேலை.

அவன் குரலுக்குக் கடையம் வரை பேர் உண்டு. கல்யாண ஆராதனைகளுக்கு வண்டி கட்டிக் கூட்டிப் போவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அவன் பாடினால் குழுவிலிருக்கும் தங்கபுஷ்பம் மூக்கைச் சிந்தாமல் எழுந்ததில்லை. கட்டின பெண்டாட்டி சுகிர்தம் மட்டும் ஒருநாளும் கண் கலங்கியதில்லை. இப்போது முகம் தெரியாத எந்த வெள்ளைக்காரனுக்காக இவ்வளவு தண்ணீர்? அவனுக்கு வயிறு எரிந்தது.

தட்டு முடிந்ததும், புது ஊசி எடுக்கிற சாக்கில் அவள் பக்கம் குனிந்தான்.

“ஏட்டி, என்னத்துக்கு அழுத? நான் பாடும்போது கொட்டாவில்லா விடுத.”

“அடியில ஒரு பொம்பள பாடுதா, கேட்டீங்களா? எங்குரல் மாதிரித் தடிக்குரல். அவ மேலதான் மத்தவுகள்லாம் நிக்காக. அவள யாரும் வாய மட்டும் அசைக்கச் சொல்லல.”

சொன்னது அவன்தான். கல்யாணமான வருஷத்துக் கிறிஸ்மஸில், உன் குரல் மேலே எழும்பாது, வாயை மட்டும் அசை என்று. அவளும் இன்றுவரை அசைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மிஸ்ஸியம்மா மறுபடி போடச் சொன்னாள். இந்தத் தடவை அவனுக்கும் அந்தக் குரல் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம். வெள்ளைக்காரன் மேல் இருந்த பொறாமை அப்படியே சுகிர்தத்தின் மேல் திரும்பியது. தனக்குப் பிடிபடாத ஒன்று இவளுக்கு முதல் தடவையிலேயே எப்படிப் பிடிபட்டது?

மூன்றாம் தடவைக்குச் சாவியைப் பாதிதான் கொடுத்தான். வேண்டுமென்றேதான்.

நினைத்தபடியே பாட்டு நடுவழியில் தொய்ந்தது. சீமைக் குரல்களெல்லாம் மாடு கத்துவது போல இழுத்துக்கொண்டு அடங்கின. தங்கபுஷ்பம் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஆனால் ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடியிருந்த சுகிர்தம், பாட்டுப்பெட்டி விட்ட இடத்திலிருந்து அந்த அடிக்குரலைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாள். கனத்த, ஆட்டமில்லாத குரல். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அதை இப்படி அவன் கேட்டதில்லை.

பெட்டியை நோக்கி எழுந்த மிஸ்ஸியம்மா அப்படியே நின்றாள். “நிறுத்தாதே, பாடு,” என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். “எல்லாரும் இவளோடு.”

ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அய்யாத்துரையும் சாவியைப் பிடித்தபடி வாயைத் திறந்தான். குரல் எழும்பவில்லை. மிஸ்ஸியம்மாவின் பார்வை அவன் பக்கம் திரும்பியது.

அவன் வாயை மட்டும் அசைத்தான்.