ஆரின் டட்டில் சாய்ந்திருக்கும் எல்லை

ஹாலவெல் மாவட்டத்தின் ஆட்சி ஒழிக்கப்பட்ட 1960 அக்டோபர் முதல் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு, மாவட்டக் கமிஷனர் ஆரின் டட்டில் தன் நாற்காலியிலிருந்து ஒரு சாண் உயரம் காற்றில் கிளம்பினார். அப்போது நீதிமன்றக் கட்டிடத்தின் மாடி அறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு: நீண்ட மேசையின் நடுவில் தலைமைக் கமிஷனர் வார்ட்வெல், அவருக்கு வலப்பக்கம், கணப்புக்குப் பக்கத்தில், கமிஷனர் ஸ்பூனர், இடப்பக்கம், சன்னல் காற்று அடிக்கும் இடத்தில், டட்டில். எதிர் பெஞ்சில், கடைசிக் கூட்டத்துக்கென்று சுட்டுவந்த ஆப்பிள் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி லவீனியா. பின்வரிசையில் ஒரு கோடியில் மார்ல்ஃபீல்ட் ஊர் நிர்வாகி ஹாலிஸ் பிரிக்ஸ்; மறுகோடியில், அடுத்த மாவட்டத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த டன்பி ஊர் நிர்வாகி அமாசா கிட்டர். இந்த இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வழக்கம் கிடையாது. குறிப்பெழுதும் குமாஸ்தாவும் இருந்தார். ஆனால் அவர் வேலையும் பன்னிரண்டு மணியோடு போய்விட்டதால் ஆரின் கிளம்பியது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

மற்ற இரண்டு கமிஷனர்களும் கிளம்பவில்லை. வார்ட்வெல்லுக்கு எண்ணெய் வியாபாரம் இருந்தது, ஸ்பூனருக்குக் காப்பீட்டு ஏஜென்சி இருந்தது. ஆரினுக்கு இருபத்தெட்டு வருஷமாகக் கமிஷனர் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. நல்ல மனிதர்தான். மாவட்டச் சிறைக்குக் கம்பளி வாங்குவார், நீதிமன்றக் கூரைக்கு ஓடு மாற்றுவார், நினைவுநாள் ஊர்வலத்தில் கடைசிக்கு முந்தின காரில் போவார். இதற்கெல்லாம் ஒரு அரசாங்கம் எதற்கு என்று தலைநகரில் ஒருவர் கேட்டார். மற்றவர்களுக்குப் பதில் தெரியாததால் ஒழித்துவிட்டார்கள்.

ஒழித்த சட்டத்தில் இரண்டே வாக்கியம். மாவட்டங்களின் ஆட்சி இத்துடன் முடிந்தது என்பது முதல் வாக்கியம். ஆயினும் ஒவ்வொரு மாவட்டமும் கீழ்க்கண்ட ஊர்களைக் கொண்டதாக, பழைய எல்லைகளோடு என்றென்றும் இருந்துவரும் என்பது இரண்டாவது. அதாவது குடித்தனக்காரர்களை வெளியேற்றிவிட்டு, வீட்டையும் இடித்துவிட்டு, சுற்றுச்சுவரை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகு மாவட்டத்தை மதித்தவர்கள் மூன்றே பேர்: நீதிபதி, வானிலை அறிக்கை, ஆரின் டட்டில். ஹாலவெல் மாவட்டத்தில் பனி பொழியும் என்று வானொலி சொன்னால் பனி எல்லைக்கோடு வரை பொழிந்துவிட்டு நின்றுகொள்ளும். டன்பிக்காரர்கள் ஒரு அடி தள்ளி வெறும் சட்டையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

லவீனியா கணவரைத் துணி காயப்போடும் கயிற்றால் இடுப்பில் கட்டி, பலூன்போல நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கேக்கை மறந்து வைத்துவிட்டாள். அதை ஸ்பூனர் தின்றார். நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் மாவட்டத்தின் சொத்தில் ஒன்றொன்றாக மாநிலம் எடுத்துக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் ஆரின் இன்னும் கொஞ்சம் மேலே போனார். சிறைச்சாலையின் பெயர்ப்பலகையை மாற்றிய அன்று உத்தரத்தில் தலை இடித்தது. அனாதை விடுதியின் சாவியை ஒப்படைத்த அன்று அவரை வெளியே கொண்டுபோய், கிணற்றடிப் பம்பில் கட்ட வேண்டியதாயிற்று. நீதிமன்றக் கட்டிடம் கைமாறிய வாரத்தில் கயிறு போதாமல் டன்பி கடையில் இன்னொரு சுருள் வாங்கினாள். எண்ணிப் பார்த்தாள். மாவட்டத்துக்கென்று மிச்சம் இருந்தது அந்த எல்லை ஒன்றுதான். அதுவும் போனால் எவ்வளவு கயிறு வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

அந்த எல்லைதான் அவரைக் காப்பாற்றியும் வந்தது. மேல்காற்று அடிக்கும்போது ஆரின் கிழக்கே மிதந்துபோய், தோட்டத்துக் கடைசி ஆப்பிள் மரத்துக்கு நேர் மேலே எதிலோ முட்டிக்கொண்டு நின்றுவிடுவார். மார்ல்ஃபீல்டும் டன்பியும், இரண்டு மாவட்டமும் பிரிகிற இடம் அது. எல்லை எவ்வளவு உயரம் என்று சட்டம் சொல்லாததால் அது மேலே முடிவே இல்லாமல் போனது. ஆரின் அதில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்வார். பனிக்காலத்தில் நெஞ்சில் பனி விழும், முதுகில் வெயில் அடிக்கும். கடலோர மாவட்டத்துக் கமிஷனர் ஒருவருக்கும் இதே கதி என்று கேள்வி. அங்கே எல்லை கடலுக்குள் மூன்று மைல் தள்ளி இருந்ததால் அவரிடமிருந்து பிறகு தகவல் இல்லை.

"ஆரின், மேல குளிருதா?" என்று லவீனியா கீழிருந்து கேட்பாள்.

"குளிருது. ஆனா தலைநகரம் நல்லாத் தெரியுது."

"என்ன பண்றாங்க?"

"மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க."

மனிதனுக்கு எடை பதவியால் வருகிறது என்பதைக் கண்ணால் கண்டவள் லவீனியா. ஆகவே மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் தன் கணவருக்கு ஏதாவது ஒரு ஊர்ப்பதவி, வேலி பார்வையாளர் பதவியானாலும் சரி, கொடுக்க வேண்டும் என்று மனுப் போட்டாள். வேலித் தகராறு தீர்க்கும் அந்தப் பதவிக்குச் சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவனைக் கேலிக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கைதட்டுவார்கள். மனு பதினான்காவது பொருளாக வந்தது. பன்னிரண்டாவது பொருளான, பனி கரையச் சாலையில் தூவும் உப்புக்கே இருட்டிவிட்டது. தரையில் நிற்க முடியாதவன் வேலியை எப்படிப் பார்ப்பான் என்று ஹாலிஸ் பிரிக்ஸ் எழுந்து கேட்டார். மேலேயிருந்து நன்றாகவே பார்க்கலாமே என்று லவீனியா சொன்னாள். ஊர் சிரித்தது. தாண்டிப் போவோம் என்று ஒருவர் சொல்ல, அந்தப் பொருளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, தாண்டிப் போனார்கள். அடுத்த வருஷமும் தாண்டினார்கள். ஆறு மார்ச் மாதங்கள் அப்படிப் போயின.

அந்தப் பக்கத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊர்களின் நிர்வாகிகள் சேர்ந்து எல்லைக் கற்களை ஒட்டி நடந்து, ஒவ்வொரு கல்லிலும் வருஷத்தைப் பெயிண்டால் எழுத வேண்டும். காருக்குள் உட்கார்ந்து ஒரு புட்டி ரம்மோடு நடப்பதுதான் வழக்கம். அந்த முறை மட்டும் இறங்கி நடந்தார்கள். ஓடைப்பாலம் ஒன்று இற்றுப்போயிருந்தது, அதைப் பழுதுபார்க்க வேண்டியது எந்த ஊர் என்று தெரிய வேண்டியிருந்தது. பாலத்தடிக் கல்லைச் சேறு விழுங்கிவிட்டது. ஊருக்காக உயிரையே விடுவோம் என்று மேடைதோறும் பேசிய ஹாலிஸும் கிட்டரும், தத்தம் ஊர் எவ்வளவு சிறியது என்று நிரூபிக்கச் சேற்றில் முழங்கால்வரை நின்று வாதாடினார்கள். கடைசியில் ஹாலிஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு லவீனியாவின் வாசலுக்கு வந்தார்.

கயிற்றைப் பிடித்து ஆரினை மாடுபோல ஓட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள். மேல்காற்று வந்தது. ஆரின் போய்ச் சாய்ந்தார். பாலம் முழுக்க அவர் முதுகுக்கு அந்தப்புறம், டன்பியில் இருந்தது.

கிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பதவி இல்லாத ஆளோட முதுகு எனக்குச் சாட்சியாய்யா? நாளைக்கு ஒரு காக்காயக் கொண்டுவந்து நிறுத்துவே."

மறுநாளே ஹாலிஸ் அவசர ஊர்க்கூட்டம் கூட்டினார். ஆறு வருஷமாகத் தாண்டிப்போன பொருள், இருமல் அடங்குவதற்குள் ஏகமனதாக நிறைவேறியது. ஆரின் டட்டில் வேலி பார்வையாளர் ஆனார், அவர் முதுகு அதிகாரபூர்வமானது, டன்பி பாலத்தைக் கட்டியது.

கூட்டம் கலையும்போது லவீனியா ஹாலிஸை நிறுத்தினாள். "இனிமே அவர் முதுகு ஊரோட முதுகு. கயிறையும் ஊரே வாங்கிக் குடுக்கட்டும்."

"அடுத்த மார்ச்ல பேசலாம், லவீனியா."

சம்பளமில்லாத பதவிக்கு உண்டான எடை ஆரினுக்கு வந்தது. அதாவது, ஆப்பிள் மரத்தின் உச்சிக்கிளை வரைக்கும் இறங்கினார். லவீனியா ஏணியை நிரந்தரமாக அங்கேயே சாத்திவிட்டாள். காலையில் காப்பியும் இரவில் பீன்ஸும் மேலே போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து கணவருக்கு முடி வெட்டினாள். அவர் கையைத் தொட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. தபால்காரர் வணக்கம் சொல்லும்போது இரண்டு உயரத்துக்கும் தனித்தனியாகச் சொல்லப் பழகினார். கிட்டரும் கொஞ்ச நாளில் மேலே பார்த்துத் தொப்பியைத் தொட ஆரம்பித்தார்.

இப்படியே ஐந்து வருஷம் போனபின், ஒரு வசந்தகாலத்தில், வேலையில்லாத மாவட்டத்துக்கு எல்லை மட்டும் எதற்கு என்று தலைநகரில் வேறொருவர் கேட்டார். மறுபடியும் யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லைகளை அழித்துவிட்டு மாநிலத்தைத் 'திட்ட வட்டாரங்கள்' என்று புதிதாகப் பிரிக்க மசோதா தயாராயிற்று. வட்டாரங்களுக்கு ஆட்சி உண்டா என்று செய்தித்தாள் கேட்டது. ஆட்சி இருக்காது, ஆனால் எல்லை இருக்கும் என்றார்கள். புதிய எல்லை ஹாலவெல்லிலிருந்து நாற்பது மைல் கிழக்கே.

லவீனியா சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பிறகு ஏணியில் ஏறி ஆரினுக்கு வாசித்துக் காட்டினாள்:

"ஐயா, ஆட்சியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. சிறை, விடுதி, கட்டிடம் எல்லாம் உங்களுடையவை. எல்லையை மட்டும் இருக்கும் இடத்தில் விட்டுவையுங்கள். அதில் என் கணவர் சாய்ந்திருக்கிறார். இப்படிக்கு, லவீனியா டட்டில், மார்ல்ஃபீல்ட்."

ஆரின் யோசித்தார். "மாண்புமிகுன்னு போடணும். கீழ சட்டப்பிரிவையும் குறிப்பிடணும். நகல் ஒண்ணு வார்ட்வெல்லுக்கு."

"வார்ட்வெல் தரையிலதான் இருக்கார். அவருக்கெதுக்கு நகல்?"

ஆரின் கடிதத்தைக் கையில் வாங்கினார். அவள் பெயருக்குக் கீழே 'வேலி பார்வையாளர்' என்று போட்டுத் தன் கையெழுத்தை இட்டார். உறையை மூடி, தபால்தலையை நாக்கில் தடவினார். மேலே காற்று வறட்சியானதால் இரண்டு தடவை தடவ வேண்டியிருந்தது. லவீனியா இறங்கிவந்து பம்பில் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்தாள், சாலையோரம் போய்க் கடிதத்தைத் தங்கள் தபால்பெட்டியில் போட்டாள், தபால்காரர் நின்று எடுத்துப் போவதற்காக அதன் சிவப்புக் கொடியை நிமிர்த்தி வைத்தாள்.